மகன் காலேஜ் வேண்டாம் என்கிறான், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மகன் பன்னிரண்டாவது முடிக்கப் போகிறான். மார்க் மோசமில்லை. ஆனால் காலேஜ் வேண்டாமாம், நேராகத் தொழில் கற்றுக்கொள்கிறானாம்.

போன வாரம் டேபிள் ஃபேன் நின்றுவிட்டது. கழற்றி, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கெபாசிட்டர் போயிடுச்சும்மா" என்றான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதே பையன் பாடப்புத்தகத்தைத் திறந்தால் கால் மணி நேரத்தில் கொட்டாவி!

ஜெர்மனியில் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போகிறார்கள். 300க்கு மேற்பட்ட தொழில்களை இப்படிக் கற்கலாம், பெரும்பாலும் 2 முதல் 3½ வருஷம். அதைப் படித்ததிலிருந்து எனக்கே மனசு ஆடுகிறது. டாக்டர், வக்கீல் வேலைக்கெல்லாம் டிகிரி இல்லாமல் முடியாது, சரி. அவன் கேட்பது அதுவல்லவே.

என் பயம் ஒன்றுதான். பத்து வருஷம் கழித்து மேல் பதவிக்கு டிகிரி கேட்டால்? (சொந்தக்காரர்கள் பேச்சை விடுங்கள், அது தனிக்கதை.)

வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படித்தவர்கள் இருக்கிறீர்களா? திரும்பப் புத்தகத்தோடு உட்கார முடிந்ததா? பட்டம் வாங்கியும் அது உதவாதவர்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்கள் பதில்களை அவன் அப்பாவும் படிப்பார். விண்ணப்பிக்க இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது.