பிழை 2013: பாக்கெட்டா, டைம்அவுட்டா?

நள்ளிரவு_நிர்வாகி:
டம்ப்_துரை போட்ட வழிகாட்டியைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "பெரிய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பேக்கப் 2013 பிழையோடு பாதியில் நின்றால் மேக்ஸ் அலவுட் பாக்கெட்டை (ஒரே தடவையில் அனுப்பும் தரவின் உச்ச அளவு) 1 ஜிபி ஆக்குங்கள், அத்தோடு சரியாகிவிடும்" என்கிறார். கீழே வரிசையாக நன்றிகள் வேறு. ஐயா, 2013 என்றால் ஓடும்போதே சர்வரோடு இணைப்பு அறுந்தது என்று மட்டும்தான் பொருள். பாக்கெட் போதவில்லை என்றால் பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் நிரல் 2020 என்று தனி எண்ணே கொடுக்கும். எந்த டேபிள், எந்த ரோ என்பதையும் சொல்லும். எண்ணைக்கூடப் பார்க்காமல் எப்படி வழிகாட்டி எழுதுகிறீர்கள்?

டம்ப்_துரை:
வணக்கம் மேதையே. 1 ஜிபி போட்டேன், அன்றிரவே பேக்கப் ஓடியது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

நள்ளிரவு_நிர்வாகி:
எங்கே போட்டீர்கள்? கான்ஃபிக் ஃபைலில் சர்வர் பகுதியில்தானே? அங்கே எவ்வளவு போட்டாலும் டம்ப் கிளையன்ட், அதாவது மைஎஸ்க்யூஎல்டம்ப், தன்னுடைய 24 எம்பி இயல்பு அளவோடுதான் ஓடும். அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஃபைலை மாற்றிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள், தொங்கிக்கொண்டிருந்த கொயரிகள் ஒழிந்திருக்கும், பேக்கப் ஓடியிருக்கும். பெயர் மட்டும் பாக்கெட்டுக்கு.

நீங்கள் பார்க்க வேண்டியது நெட் ரைட் டைம்அவுட், அதாவது மறுமுனை தரவை வாங்காவிட்டால் சர்வர் பொறுத்திருக்கும் நேரம். இயல்பு அளவு 60 விநாடி. சர்வர் தரவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் டம்பைச் சுருக்கி எழுதும் ஜிஜிப், நெட்வொர்க் டிஸ்கில் எழுத முடியாமல் நின்றால் இரண்டுக்கும் நடுவிலுள்ள பைப் நிரம்பும், டம்ப் வாங்குவதை நிறுத்தும். 60 விநாடி பொறுத்துவிட்டு சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும்.

டம்ப்_துரை:
60 விநாடியா! ஜிஜிப் மெதுவாக எழுதினாலும் எழுதிக்கொண்டுதானே இருக்கும்? கொஞ்சம் நகர்ந்தாலே அந்த 60 மறுபடி முதலிலிருந்து எண்ணும். ஒரு நிமிடம் முழுக்க ஒரு பைட்கூட நகராமல் எந்த ஜிஜிப் ஐயா நிற்கும்?

நள்ளிரவு_நிர்வாகி:
ஜிஜிப் நிற்காது, டிஸ்க் நிற்கும். நெட்வொர்க் மவுண்ட் உறைந்துபோய் நீங்கள் பார்த்ததே இல்லையா? 60 விநாடி அதற்கு ஒன்றுமே இல்லை.

புதியவள்:
பெரிய டேட்டாபேஸ் என்றால் எவ்வளவு? எங்களுடையது 80 ஜிபி. அது கணக்கில் வருமா?

இயற்பிரதி:
இரண்டு பேரும் வெட்டிச்சண்டை போடுகிறீர்கள். டெராபைட் அளவில் லாஜிக்கல் டம்ப், அதாவது தரவை எஸ்க்யூஎல் கட்டளைகளாக எழுதும் பேக்கப், எடுப்பதே தவறு. எடுத்தாலும் ரீஸ்டோரில் ஒவ்வொரு ரோவையும் திரும்பச் செருகி, இண்டெக்ஸ் எல்லாம் மறுபடி கட்ட வேண்டும். எக்ஸ்ட்ராபேக்கப் போடுங்கள், ஃபைலை அப்படியே நகலெடுக்கும். 60 விநாடிப் பேச்சே எழாது.

டம்ப்_துரை:
வந்துவிட்டார். எழுத்து அதிகமுள்ள சர்வரில் மாற்றங்களைப் பதியும் ரீடூ லாக் சுற்றி வந்து மேலெழுதப்படும், எக்ஸ்ட்ராபேக்கப்பால் ஓடிப் பிடிக்க முடியாது, கடைசியில் பிழை சொல்லிப் படுத்துவிடும். அதையும் சொல்லுங்களேன்? போன தடவை டிரான்ஸாக்ஷனே இல்லாத மைஐசாம் வகை டேபிளுக்கும் சிங்கிள் டிரான்ஸாக்ஷன் ஆப்ஷன் போதும் என்று அடித்துவிட்டவர்தானே நீங்கள்.

இயற்பிரதி:
நான் சொன்னது இன்னோடிபி வகை டேபிளுக்கு. திரிக்காதீர்கள். ரீடூ லாக்கைப் பெரிதாக வைக்கத் தெரியாதவர் பேசக் கூடாது.

யானைப்பாகன்:
இதற்குத்தான் யானைச் சின்னம் கொண்ட போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு வாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

நள்ளிரவு_நிர்வாகி:
யானைக்கும் அடி சறுக்கும் பாகரே. 2017 ஜனவரி 31, கோடு சேமிக்கும் தளமான கிட்லேப். போஸ்ட்கிரெஸ் சர்வர் வெர்ஷன் 9.6, பேக்கப் எடுக்க ஓடியது வெர்ஷன் 9.2 பிஜிடம்ப். பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பு காரணமாகத் திருப்பப்பட்டதால் ஒருவருக்கும் தெரியவில்லை. டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்த பிறகுதான் பார்த்தார்கள். சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று.

யானைப்பாகன்:
அதில் போஸ்ட்கிரெஸ் என்ன செய்தது? வெர்ஷன் பொருந்தவில்லை என்று பிழை காட்டி நின்றது. அதுதானே அதன் வேலை? நீங்கள் எல்லோரும் ஜிஜிப்புக்கு பைப் போடுகிறீர்களே, டம்ப் நடுவில் செத்தாலும் ஜிஜிப் வெற்றி என்று 0 திருப்பும். நேரம் வைத்து அதை ஓட்டும் கிரானும் நம்பிவிடும்.

நள்ளிரவு_நிர்வாகி:
பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் தெரியாமலா இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? அதையும் துரையிடம்தான் கேட்க வேண்டும். துரை, அன்றிரவு "ஓடியது" என்றீர்களே, பைப்ஃபெயில் போட்டிருந்தீர்களா? டம்ப் முழுசாக முடிந்தால் ஃபைலின் கடைசியில் டம்ப் கம்ப்ளீட்டட் என்று ஒரு வரி இருக்கும். அதை இங்கே ஒட்டுங்கள். சர்வர் எரர் லாக்கில் அபார்டட் கனெக்ஷன் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். லாக் வெர்பாசிட்டியை 3 ஆக்கினால்தான் அது வரும். டைம்அவுட் ரைட்டிங் என்று இருந்தால் நான் சொன்னதுதான். சர்வரே நினைவகம் போதாமல் கர்னலால் கொல்லப்பட்டிருந்தாலும் இதே 2013தான் வரும், அதற்கு கர்னல் லாக்கைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் சுருக்காமல், எழுதியதையெல்லாம் தூக்கியெறியும் டெவ் நல்லுக்கு ஒரு தடவை டம்ப் எடுத்துப் பாருங்கள். அங்கே தடங்கலில்லாமல் முடிந்தால் குற்றவாளி டிஸ்க் பக்கம், பாக்கெட் அல்ல.

புதியவள்:
80 ஜிபி பெரியதா இல்லையா என்று யாராவது சொல்லுங்கள்.

இயற்பிரதி:
டெவ் நல்லுக்கு எடுப்பது பேக்கப்பே அல்ல.

நள்ளிரவு_நிர்வாகி:
பேக்கப் என்று யார் சொன்னது? சோதனை. படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

டம்ப்_துரை:
இவ்வளவு நீளமாக எழுதியும் அந்த 60 விநாடியை நிரூபிக்கவில்லை. 1 ஜிபி போட்டேன், ஓடியது.

நள்ளிரவு_நிர்வாகி:
கடைசி வரி, துரை. ஒட்டுங்கள்.

டம்ப்_துரை:
க்ளையன்ட் தரவை இங்கே ஒட்ட முடியாது.

நள்ளிரவு_நிர்வாகி:
அந்த வரியில் தேதியும் நேரமும்தான் இருக்கும். அதில் எந்த க்ளையன்ட் ரகசியம்?

டம்ப்_துரை:
உங்களுக்குக் கணக்குக் காட்ட நான் இங்கே வரவில்லை. வழிகாட்டி அப்படியேதான் இருக்கும்.