சப்ளை செயினா, பிசினஸ் டிகிரியா? கலிபோர்னியாவில் படித்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் ஊரில் பி.காம். முடித்தேன். இப்போது ரிவர்சைடு பக்கம் ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கும் வேலை. லாங் பீச் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்கள் ஏகப்பட்டவை இந்தப் பக்கம்தான் வருகின்றன. ஸ்கேனரில் 48 பெட்டி என்று காட்டும். ரேக்கில் எண்ணினால் 46. அந்த இரண்டு எங்கே போனது என்று தேடுவதில்தான் எனக்கு ஆர்வமே வந்தது!

அடுத்த செமஸ்டரில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) சேரப் போகிறேன். மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் கிரெடிட்) 46 டாலர்தான், அதனால் பணம் பெரிய கவலை இல்லை. குழப்பம் வேறு. 60 யூனிட் பிசினஸ் டிகிரி எடுத்தால் கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநில) பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். ஆனால் அதில் அக்கவுண்டிங், பொருளாதாரம், புள்ளியியல்தான் அதிகம், சரக்குப் போக்குவரத்து பெயருக்குக்கூட இல்லை. சப்ளை செயின் பக்கம் போனால் லாஜிஸ்டிக்ஸ் (சரக்கு நகர்வு) சான்றிதழ் சீக்கிரம் முடியும், ஆனால் அந்த யூனிட்கள் எல்லாம் பிறகு கணக்கில் வருமா?

கவுன்சிலரைப் பார்த்தேன். பாடப் பட்டியலை நீட்டியதோடு சரி.

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பி.காம். பாடங்களை மதிப்பிட்டு அக்கவுண்டிங்கில் விலக்கு வாங்கினீர்களா? அப்புறம், சிபிஐஎம் (CPIM, திட்டமிடல் மற்றும் இருப்பு மேலாண்மைச் சான்றிதழ்) தேர்வை முதலில் எழுதினால் பிளானர் வேலைக்குக் கூப்பிடுவார்களா? இரவு ஷிப்டில் இருக்கிறேன், பதில் போட தாமதமாகலாம்.