பிரான்சில் இருக்கும் அத்தை மகன் லெப்பென் கட்சிக்கு ஓட்டுப் போட்டானாம். என்ன சொல்வது?

குருசுக்குப்பத்தான்:
எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அத்தை குடும்பம் பாரீஸ் பக்கம் போனது. அப்பா மட்டும் இந்தியராகப் பாண்டியிலேயே தங்கிவிட்டார்.

போன மாதம் அத்தை மகன் லீவில் வந்திருந்தான். பீச் ரோட்டில் காந்தி சிலை பக்கம் உட்கார்ந்திருந்தபோது, 2024 தேர்தலில் லெப்பெனின் ரசம்ப்ளமான் நசியோனால் கட்சிக்குத்தான் போட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னான். "நாம முறையா வந்தவங்க மச்சான். நேத்து படகுல வந்தவனும் நாமளும் ஒண்ணா?" என்கிறான். அப்பன் ழான்-மரி லெப்பென் காலத்துக் கட்சிதான் மோசம், மகள் மரின் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள் என்றும் சொன்னான்.

இந்தக் கட்சி, ஜெர்மனியின் ஏஎஃப்டி கட்சி, இன்னும் பல நாடுகளில் கிளம்பியிருப்பவர்கள், இவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? உண்மையிலேயே ஆபத்தா, இல்லை குடியேற்றத்தில் கொஞ்சம் கறார், அவ்வளவுதானா?

நடுவழி:
எல்லையைக் காக்காத நாடு எது? டென்மார்க்கில் சமூக ஜனநாயகக் கட்சி அரசே குடியேற்றத்தில் கெடுபிடி காட்டியது. ஆளைக் குறை என்று சொன்னாலே பாசிஸ்ட் பட்டம் கட்டுவதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது.

ஓய்வுபெற்ற முசே:
(பள்ளியில் பிரெஞ்சும் வரலாறும் நடத்தியவன். நீளமாகத்தான் வரும்.)

நடுவழி சொல்வதில் பாதி சரி. ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பது ஒரு கொள்கை, ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். தீவிர வலதுசாரி அரசியல் அங்கே தொடங்குவதில்லை. நாடு ஒரு வம்சத்தின் சொத்து, கையில் பாஸ்போர்ட் இருந்தாலும் மற்றவன் விருந்தாளிதான் என்கிற நினைப்பில் தொடங்குகிறது. ஊருக்கு ஊர் எதிரியின் பெயர் மாறும், இது மாறாது. படித்த மேல்தட்டு நம்மை விற்றுவிட்டது, பத்திரிகை பொய், நீதிபதிகள் எதிரிகள், அந்தக் காலம் பொற்காலம் என்பதெல்லாம் இதன் மேல் வந்து உட்காருபவை.

இன்னொன்று, மக்களையே மாற்றச் சதி நடக்கிறது என்ற பயம். ரெனோ கமு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 2011இல் இதற்கு 'பெரும் இடமாற்றம்' என்று பெயர் கொடுத்தார். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கைக்கு வைத்த தலைப்பும் அதேதான். 2022இல் அமெரிக்காவின் பஃபலோவில் கறுப்பினத்தவர் 10 பேரைச் சுட்டுக் கொன்றவனும் அதையே எழுதியிருந்தான். கட்சிக்காரர்கள் யாரையும் சுடச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தினமும் 'படையெடுப்பு, படையெடுப்பு' என்று சொன்னால் எவனாவது ஒருவன் அதை நிஜமாகவே போர் என்று எடுத்துக்கொள்கிறான்.

இனி உங்கள் அத்தை மகன் விஷயம். அந்தக் கட்சியை 1972இல் தொடங்கியவர்களில் பியேர் பூஸ்கே என்பவர் ஹிட்லரின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்தவர். மகள் 2015இல் அப்பாவையே கட்சியை விட்டு நீக்கினார், 2018இல் பெயரையும் மாற்றினார். வெள்ளையடிப்பு நன்றாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் 2024 தேர்தலின்போது அவர்களுடைய கட்சித் தலைவர் பர்தெல்லா என்ன சொன்னார்? இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குச் சில முக்கியமான அரசுப் பதவிகள் கூடாது என்றார். இரண்டு பேருமே பிரெஞ்சுக் குடிமக்கள், ஆனால் ஒருவன் கொஞ்சம் குறைச்சல்!

'இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, அது என்னைத் தொடாது' என்பான். உண்மைதான். அப்படியானால் 1940ஐச் சொல்லுங்கள். ஹிட்லரிடம் தோற்ற பிரான்சில் அவனுக்கு ஒத்துப்போன விஷி அரசு வந்த சில நாட்களிலேயே, ஜூலையில், 1927க்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர்களின் கோப்புகளை மறுபடி பிரிக்கச் சட்டம் போட்டது. சுமார் 15,000 பேர் குடியுரிமை இழந்தார்கள், அதில் யூதர்கள் நிறைய. எல்லாரும் முறையாகக் குடியுரிமை வாங்கியவர்கள்தான், கையில் காகிதம் இருந்தவர்கள்தான். அந்தச் செப்டம்பரில் நம் பாண்டி ஆளுநர் போன்வேன் விஷியை விட்டு, ஹிட்லரை எதிர்த்துப் போராடிய தெ கோல் பக்கம் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சொல்தா வீட்டுப் பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கட்சி ஆட்சிக்கு வராமலே காரியம் நடக்கும். 2023 டிசம்பரில் மக்ரோன் அரசின் குடியேற்றச் சட்டம் இவர்கள் ஓட்டும் சேர்ந்துதான் நிறைவேறியது. வெளிநாட்டவர் சில உதவித்தொகைகளுக்கு ஐந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 'கருத்தியல் வெற்றி' என்றார் மரின் லெப்பென். அடுத்த மாதமே, சட்டங்கள் சாசனத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அரசியல் சாசன மன்றம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடித்துவிட்டது. நீதிபதிகள் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று இப்போது புரிகிறதா?

மஞ்சக்குப்பம் செல்வி:
என் தங்கை இங்கிலாந்தில் நர்ஸ். 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று நெட்டில் புரளி. அவன் கார்டிஃபில் பிறந்தவன். மறுநாளே மசூதியைத் தாக்கினார்கள், அப்புறம் ராதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்கத் தங்கை நைட் டியூட்டி முடிந்து தனியாக நடந்து வரவில்லை, கூட வேலை செய்யும் வெள்ளைக்கார அக்கா காரில் கொண்டுவந்து விட்டார். நல்ல விசாவில் முறையாகப் போனவள்தான். தெருவில் நிற்கும் கும்பல் விசா பார்க்காது.

முசேவுக்கு ஒன்று: கடலூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் பீகார் பசங்களைப் பற்றி எங்கள் தெருவில் பேசுவதைக் கேட்டால், பாரீசுக்குப் போக வேண்டியதே இல்லை.

நடுவழி:
கும்பலைக் கட்சியோடு சேர்க்கக் கூடாது என்றுதான் இன்னும் சொல்வேன். 1940 கதை மட்டும் எனக்குப் புதுசு.

குருசுக்குப்பத்தான்:
முசே, 1940 விஷயத்தை அப்படியே அனுப்பினேன். "அது வேற காலம் மச்சான்" என்று ஒரே வரி. சரி, உன் மனைவி பாண்டிப் பெண், இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானே, அவளிடம் கேட்டாயா என்றேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று அத்தைக்கே தெரியாதாம். பொங்கலுக்கு அவர்கள் எல்லாரும் வருகிறார்கள். அத்தை பக்கத்தில் இருக்கும்போதே கேட்கப் போகிறேன்.