சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக் குழு: ஆள் கணக்கு சரியாக வருவதில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்கள் 14 பேர். சனிக்கிழமைதோறும் காலை 8 மணிக்கு ஓட்டலில் சேர்ந்து சாப்பிடுகிறோம், 7 மாதமாக. வருவதாகச் சொல்பவர்கள் எண்ணிக்கையும் வந்து உட்காருபவர்கள் எண்ணிக்கையும் பொருந்துவதே இல்லை. கடைசி நான்கு வாரம்: 10 சொல்லி 6, 7 சொல்லி 11, 9 சொல்லி 5, 8 சொல்லி 10. எட்டு பேருக்கு மேல் என்றால் முந்தைய இரவு 9 மணிக்குள் ஓட்டலில் சொல்லியாக வேண்டும்.

குறைந்தால் நமக்காகப் பிடித்து வைத்த மேசை காலியாகக் கிடக்கிறது. கூடினால் இன்னும் மோசம்: நெரிசல் நேரத்தில் பக்கத்து மேசை கிடைக்காமல் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எல்லோரும் ஒன்றாகப் பேசத்தானே கூடுகிறோம்!

வியாழன் மாலை வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வைத்தோம். 'வருகிறேன்', 'வரவில்லை' இரண்டோடு 'பார்க்கலாம்' என்றும் ஒன்று இருந்தது. பாதிப் பேர் அதில்தான் விழுந்தார்கள். அதை எடுத்ததும் வாக்களிப்பதையே விட்டுவிட்டார்கள். போட்டவர் பெயர்தான் அதில் தெரியும், போடாதவரைப் பட்டியலோடு ஒப்பிட்டு நாமே தேட வேண்டும். வாரம் ஒருவர் எல்லோருக்கும் போன் செய்து கேட்பது மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காமவர் மறந்தார், அதோடு நின்றது. ஞாயிறுக்கு மாற்றியும் வித்தியாசமில்லை. முன்பணம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை; கையில் பணம் இறுக்கமாக இருப்பவர் காரணம் சொல்லாமலே விலகிவிடுவார்.

பத்துப் பேருக்கு மேல் வாராவாரம் கூடும் குழுவை நடத்துபவர்கள், முந்தைய இரவே நம்பத்தக்க எண்ணிக்கையை எப்படி எடுக்கிறீர்கள்?