கார் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்கப் போனவர்கள்: அனுபவப் பகிர்வு

தெற்குத்தீவுப் பயணி:

நியூசிலாந்தின் ரூட்பர்ன் டிராக் என்ற மலைப்பாதையில் நடக்க இங்கே நிறையப் பேர் திட்டம் போடுகிறீர்கள். குடில் முன்பதிவு, மழைக்கோட்டு, சாப்பாடு எல்லாம் அலசியாகிவிட்டது. காரை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. நாங்கள் எங்கள் கார் சாவியை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு மலை ஏறினோம். அந்தக் கதையை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே சேருங்கள். ரூட்பர்னாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

தெரியாதவர்களுக்காக: பாதையின் நீளம் 33 கிலோமீட்டர். ஒரு முனை க்ளெனார்க்கிக்கு அப்பால் உள்ள ரூட்பர்ன் ஷெல்ட்டர். மறுமுனை மில்ஃபர்ட் சாலையில் இருக்கும் தி டிவைட். இரண்டுக்கும் நடுவில் மலைத்தொடர். நடப்பவர்கள் குறுக்கே ஏறி இறங்கிவிடலாம். கார் மட்டும் க்வீன்ஸ்டவுன், டெ அனாவ் என்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஏறக்குறைய 350 கிலோமீட்டர், ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப் போய் ஒரு பக்கம் வெளியே வந்தால் கார் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

பஸ்ஸில் திரும்பலாம். ஆனால் அதன் நேரத்துக்குள் கீழே இறங்கியாக வேண்டும் என்ற ஓட்டம் கடைசி நாள் முழுக்கக் கூடவே வரும். அதற்குப் பதிலாக உள்ளூரில் சிலர் காரை இடம் மாற்றித் தருகிறார்கள். அப்படி வருபவர் தன் காரை ஷெல்ட்டரில் விட்டுவிட்டு, உங்கள் காரை ஓட்டிக்கொண்டு போய் டிவைடில் நிறுத்துவார். பிறகு அவர் எப்படித் திரும்புவார்? ஓடித்தான். நாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் முக்கி முனகி நடக்கும் அதே பாதையை, இடுப்பில் ஒரு சின்னப் பையோடு ஒரே நாளில் ஓடி முடித்துவிடுகிறார்கள். இப்படி ஒரு பிழைப்பு உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

காலையில் ஷெல்ட்டரில் சந்தித்தோம். வந்தவர் வணக்கம் சொன்ன கையோடு காரை நான்கு பக்கமும் படம் எடுத்தார். பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தகுதிச் சான்று, பதிவுச் சீட்டு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். சான்று காலாவதியாகியிருந்தால் எடுக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கறார்தான் எனக்கு நம்பிக்கை தந்தது. "அதெல்லாம் பார்த்துக்கலாம், விடுங்க" என்று சிரித்திருந்தால் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன்.

என் மனைவிக்கு அப்போதும் சமாதானமாகவில்லை. "காரோடு போய்ட்டா என்ன பண்ணுவீங்க?" என்று முதல் ஏற்றம் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். நியாயமான கேள்விதான். பாஸ்போர்ட், லேப்டாப் எல்லாவற்றையும் க்வீன்ஸ்டவுன் விடுதியிலேயே விட்டிருந்தோம். காரில் இருந்தது மாற்றுத்துணியும் ஒரு டப்பா முறுக்கும்.

மறுநாள் ஹாரிஸ் சேடில் தாண்டினோம். அதுதான் பாதையின் உச்சி, 1,255 மீட்டர். அங்கிருந்து ஹாலிஃபோர்ட் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நீளமான சரிவில் பாதை போகும். எதிரே ஒரு உருவம் குதித்துக் குதித்து வந்தது. நம்ம ஆள்! நின்றார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "கார் மேல் வரிசையில் நிற்கிறது, சாவி நீங்கள் சொன்ன இடத்தில். ஒரு கியா கூரைமேல் உட்கார்ந்து வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது, விரட்டிவிட்டேன்" என்றார். கியா என்பது அந்த மலைகளில் வாழும் கிளி. கார் ரப்பர் என்றால் அதற்கு உயிர், ஜன்னல் பட்டையை உரித்து எடுத்துவிடும். பார்க்கிங்கில் ஒரு முழுநாள் காரை விட்டவர்களைக் கேளுங்கள்.

அவர் போன பிறகு என் மனைவிக்கு முறுக்கைப் பற்றித்தான் கவலை. இறங்கியதும் கார் சொன்ன இடத்தில் இருந்தது. முறுக்கும் இருந்தது.

வெலிங்டன் தமிழன்:

நல்ல பதிவு. ஆனால் உங்களுடையது சொந்த வாகனம். வாடகை வாகனத்தில் போகிற ஆட்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம்.

நாங்கள் க்வீன்ஸ்டவுன் விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்தோம். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டும்தான் ஓட்டலாம் என்று தெளிவாக எழுதியிருக்கும். வேறு ஆள் ஓட்டி ஏதும் நடந்தால் காப்புறுதி இல்லை, முழுக்காசும் நீங்கள்தான் கட்ட வேண்டும். நான் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தேன். முதலில் கதைத்த பிள்ளைக்கு விளங்கவேயில்லை. "நீங்கள் நடந்து போவீர்கள், வாகனத்தை இன்னொருவர் கொண்டு போவார், அவர் ஓடி வருவார், அப்படியா?" என்று இரண்டு தரம் கேட்டா. பிறகு மேலாளர் வந்தார். ஓட்டுகிறவரின் அனுமதிப்பத்திரத்தை அனுப்பச் சொல்லி, அவரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்தார்கள். அதை எழுத்தில் வாங்கினேன். வாய்ச் சொல்லை நம்பிப் போகாதேங்கோ. எல்லா நிறுவனமும் இதற்கு ஒத்துவராது.

சாலையையும் கேளுங்கோ. க்வீன்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் சாலையில் வாடகைக் காப்புறுதி செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரூட்பர்ன் ஷெல்ட்டருக்குப் போகும் சாலையும் கடைசியில் சரளைதான். சரளைக்கு அனுமதி உண்டா என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கோ.

இன்னொன்று. இரண்டு திறப்பையும் (சாவி) ஒரே கம்பியில் முறுக்கித் தரும் வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள், பிரிக்க ஏலாது. ஒன்றை நாம் வைத்திருப்போம், மற்றதை அவரிடம் கொடுப்போம் என்ற திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கிறைஸ்ட்சர்ச் வாசி:

எனக்கு நடந்தது வேறு கதை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கார் சரியான இடத்தில்தான் நின்றது. கீறல் கிடையாது. ஆனால் உட்கார்ந்தவுடன் நனைந்த நாய் வாசம். ஓட்டுநர் இருக்கை ஈரம், பின்சீட்டில் வெள்ளை முடி. மீட்டரைப் பார்த்தால் இருக்க வேண்டியதைவிட நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதல். நான் புறப்படும்போது மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்ததால் பேச முடிந்தது. முதலில் "சாலையில் வேலை நடந்தது, சுற்றிப் போனோம்" என்றார்கள். அந்தப் பக்கம் சுற்றிப் போக வேறு சாலையே கிடையாது! அதைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. பேசியவர் ஒருவர், ஓட்டியது அவருக்குத் தெரிந்த இன்னொரு பையன். அவன் இரவு தன் வீட்டுக்குக் காரை எடுத்துப் போய், மறுநாள் காலையில் நாயோடு கொண்டுவந்து விட்டிருக்கிறான். கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கோபம் நாய்மேல் இல்லை. நான் யாரிடம் பேசி, யாருடைய முகத்தைப் பார்த்துச் சரி என்றேனோ அவர் ஓட்டவில்லை. இப்போதெல்லாம் யாராவது கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன்: "ஸ்டியரிங் பிடிக்கப் போவது யார்?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் பஸ் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

தெற்குத்தீவுப் பயணி:

இது நான் யோசிக்காத கோணம். எங்களுக்கு வந்தவர் தனியாளாகத் தொழில் செய்பவர், அதனால் அந்தக் கேள்வியே எழவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திருட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அங்கே உண்மையான வில்லன் மழை. 2020 பிப்ரவரி நினைவிருக்கிறதா? மில்ஃபர்ட் சவுண்டில் இரண்டரை நாளில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மில்ஃபர்ட் சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. மாட்டியவர்களை ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். ரூட்பர்ன் பாதையில் இருந்த ஹௌடன் குடில் மண்சரிவில் சிதைந்தது. அந்த நேரத்தில் டிவைடில் காரை நிறுத்தியிருந்தால், எவ்வளவு நாணயமான ஆள் ஓட்டியிருந்தாலும் என்ன பயன்? அதனால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சாலை மூடினால் கார் எங்கே நிற்கும், டெ அனாவிலா ஷெல்ட்டரிலா? நமக்குச் சேதி எப்படி வரும்? மலைக்குள் போன் சிக்னல் கிடையாது. எங்களவர் அப்படி ஏதாவது ஆனால் குடில் காவலரிடம் வானொலியில் சொல்லி வைக்க முயற்சி செய்வதாகச் சொன்னார். அதற்கு வேலை வரவில்லை.

ஹாமில்டன் நடையர்:

நான் சாவியைக் கொடுக்காத கட்சி.

நியூசிலாந்திலேயே இன்னொரு மலைநடையான டோங்காரிரோ ஆல்பைன் கிராசிங்கில் தொடங்கும் இடமான மங்காடெபோபோ பார்க்கிங்கில் சீசனில் நான்கு மணி நேரம்தான் காரை விடலாம். நடக்க ஆறேழு மணி நேரமாவது ஆகும். அதாவது காரை அங்கே விடாதே, ஷட்டில் பஸ்ஸில் வா என்று சட்டமே சொல்லிவிடுகிறது. நான் முடியும் பக்கம் கெடெடாஹி அருகே காரை விட்டுவிட்டு, விடியற்காலை ஷட்டிலில் ஏறித் தொடக்கத்துக்குப் போவேன். மாலையில் இறங்கினால் கார் எதிரிலேயே நிற்கும். எத்தனை மெதுவாக நடந்தாலும் யாரும் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள், நானும் யாருக்காகவும் ஓட வேண்டாம். சாவி என் சட்டைப்பையில்.

காற்று பலமாக இருந்தால் ஷட்டில்காரர்கள் வண்டியையே எடுக்க மாட்டார்கள். முதல் தடவை எரிச்சலாக இருந்தது. பிறகு மேலே ரெட் கிரேட்டர் பக்கம் அந்தக் காற்றில் நின்று பார்த்தபோது புரிந்தது.

அரிசோனா வெயில்:

கிராண்ட் கேன்யன் ரிம் டு ரிம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்புக்கு நடந்தால் இருபத்து மூன்று மைல் போல. காரில் மார்பிள் கேன்யன், ஜேக்கப் லேக் என்று சுற்றினால் இருநூறு மைலுக்கு மேல், நாலரை மணி நேரம். ஷட்டில் உண்டு. ஆனால் நாங்கள் செய்தது வேறு. இரண்டு குடும்பம், இரண்டு கார். ஒரு குழு வடக்கிலிருந்து இறங்கும், இன்னொன்று தெற்கிலிருந்து. நடுவில் கொலராடோ ஆற்றங்கரையில் ஃபாண்டம் ராஞ்சில் சந்தித்துச் சாவியை மாற்றிக்கொள்வது. ஏறி முடித்தவர் அங்கே நிற்கும் அடுத்தவர் காரை எடுத்துக்கொண்டு வரலாம்.

கேட்க அழகாக இருக்கும். ஒரு குழுவில் யாருக்காவது முட்டி பிடித்துக்கொண்டு பாதியில் திரும்பினால்? இன்னொரு குழு மாலையில் மேலே போய்ப் பூட்டிய காருக்கு முன்னால் நிற்கும். அதனால் முந்தைய நாள் ஃபிளாக்ஸ்டாஃபில் சாப்பிடும்போதே மாற்றுச்சாவிகளைக் கைமாற்றிக்கொண்டோம். ஆற்றங்கரையில் சாவி மாற்றுவது வெறும் சடங்காகிவிட்டது, போட்டோவுக்கு மட்டும்.

வடக்கு விளிம்பு மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் முழுமையாக இயங்கி வந்தது. 2025 ஜூலை தீயில் அங்கிருந்த பழைய விடுதி எரிந்துபோனது. எனவே எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

ஓசூர் மலைப்பிரியன்:

மணாலி பக்கம் ஹாம்ப்டா பாஸ் போனபோது இதே கேள்வி வந்தது. ஏறுவது ஜோப்ராவில், இறங்குவது லாஹௌல் பக்கம் சத்ருவில். பெங்களூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த சின்ன காரை உள்ளூர் ஓட்டுநரிடம் கொடுத்து சத்ருவுக்குக் கொண்டுவரச் சொன்னோம். அவர் காரைக் குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், முடியாது என்றார். கிராம்ஃபூவுக்கு அப்புறம் ரோடு என்பதே பெயரளவில்தான், மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடும், இந்த உயரத்துக்கு இன்ஜினுக்குள் தண்ணீர் போகும் என்றார். காரை மணாலியிலேயே விட்டுவிட்டு அவருடைய ஜீப்பை வரச் சொன்னோம். எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு சரி என்றிருக்கலாம், சொல்லவில்லை பாருங்கள்.

மயிலாப்பூர் டு மெல்பர்ன்:

எல்லாரும் இவ்வளவு பயப்படுகிறீர்களே! சென்னையில் கல்யாணத்துக்குப் போக ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு, பெயர்கூடக் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் தூங்குகிறவர்கள்தானே நாம்?

தெற்குத்தீவுப் பயணி:

அங்கே நாமும் காருக்குள்ளேயே இருக்கிறோமே, அய்யா!

டுனெடின் மாணவி:

அண்ணா, ரெண்டு சந்தேகம். எங்கள் கார் பட்டன் ஸ்டார்ட். டயருக்குப் பின்னால் சாவிப்பெட்டியில் வைத்தால் கதவு தானாகத் திறக்குமா? அப்புறம், நாங்கள் போவது அக்டோபர் கடைசி. பனிக்காக டயரில் மாட்டும் சங்கிலி தேவைப்படுமா?

தெற்குத்தீவுப் பயணி:

திறக்கும்மா. சாவி காருக்குப் பக்கத்திலேயே இருந்தால், கைப்பிடியைத் தொடுகிற யாருக்கும் கதவு திறக்கக்கூடிய வண்டிகள் உண்டு. பேட்டரியும் இறங்கலாம். சிக்னலைத் தடுக்கும் சின்னப் பை கடையில் கிடைக்கும், அதற்குள் போட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டு வாசலிலேயே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். சில வண்டிகளில் சாவியிலேயே சிக்னலை அணைக்கும் வழியும் இருக்கிறது, கையேட்டைப் பாருங்கள்.

சங்கிலி: மில்ஃபர்ட் சாலையில் மே முதல் நவம்பர் வரை பனி, பனிச்சரிவு அபாயம் உண்டு. அறிவிப்புப் பலகை கேட்டால் சங்கிலி வண்டியில் இருந்தாக வேண்டும். டெ அனாவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் உங்கள் கார் அந்த வழியாகப் போகும்போது நீங்கள் உள்ளே இருக்க மாட்டீர்கள், மலையில் இருப்பீர்கள். அதனால் க்வீன்ஸ்டவுனிலேயே எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு, ஓட்டுபவரிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள். உங்கள் டயர் அளவுக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.