புதுப்பிப்பு: பூஞ்சணம் பிடித்திருந்த ஜாஸ் இசைத்தட்டுகள்

கல்முனையில் பழைய சாமான் கடையொன்றில் மலிவாக வாங்கிய ஆறு ஜாஸ் இசைத்தட்டுகளின் பூஞ்சணத்தை நீக்குவது எப்படி என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மென்மையான தூரிகையால் வரிப்பள்ளங்களின் போக்கிலேயே துடைத்ததில் ஐந்து தட்டுகள் தெளிவாகப் பாடுகின்றன. ஆறாவது, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டு. மதுசாரம் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, அந்தத் தட்டை வெறும் நீரால் மட்டும் துடைத்தேன்.

அழுக்கு நீங்கிய பிறகுதான், புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் தட்டொன்றில் ஊசி ஓடி முடியும் வெற்றுப் பகுதியில் ‘வான் கெல்டர்’ என்ற முத்திரை தெரிந்தது. 1950களிலும் 60களிலும் அந்நிறுவனத்தின் பெரும்பாலான பதிவுகளைச் செய்த ஒலிப்பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டரே, பிரதிகளுக்கு மூலமான தாய்த்தட்டை வெட்டினார் என்பதற்கான அந்த அடையாளத்தைக் கண்டபோது என் கை நடுங்கியது. வாவிக்கரை வீட்டின் மாரிகால ஈரத்துக்கு அஞ்சி, புதிய உள்ளுறைகளிட்டு, வெளிச்சுவரிலிருந்து விலக்கி, எல்லாவற்றையும் நிமிர்த்தி அடுக்கியிருக்கிறேன்.