புதுப்பிப்பு: பூதானின் வானங்கள்

பிரெஞ்சு கடலோர ஓவியர் யூஜீன் பூதானின் படங்களில் வானம் ஏன் பாதிக்குமேல் இடம் பிடிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தேடிப் படித்ததில் ஓரளவு விடை கிடைத்தது.

1824இல் ஓன்ஃப்ளூர் துறைமுகத்தில், கடலோடி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வெட்டவெளியில் நின்று பாஸ்டல் எனும் வண்ணக் குச்சிகளால் மேகங்களை விறுவிறுவென வரைந்து, தேதி, நேரம், காற்று எல்லாவற்றையும் அதிலேயே குறித்து வைத்திருக்கிறார்! குறிப்பை மறைத்தாலும் பருவமும் நேரமும் காற்றும் தெரிந்துவிடும் என்று 1859இல் கவிஞர் போதலேர் வியந்து எழுதினார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கரையில் நிற்கும் சீமாட்டிகளுக்குச் சில தீற்றல்கள், உழைப்பெல்லாம் மேகத்துக்கு.

அப்புறம், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் மோனேயை, அவருடைய இளம்வயதில் வெளியே அழைத்துப்போய் வரையவைத்தவரும் பூதானே. 1874இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் (கணநேர ஒளியையும் வண்ணத்தையும் பிடிக்க முயன்ற ஓவியர்களின்) முதல் கண்காட்சியில் இருவரும் பங்கேற்றார்கள். அடுத்து, த்ரூவில் என்ற பிரெஞ்சு ஊரின் கடற்கரையை அவர் வரைந்த படங்களைப் பார்க்கப்போகிறேன்.